உங்கள் வலக்கையும் என் பீச்சாங்கையும்

அண்ணா,

இன்று காலை கூடை பின்னுகிற புது ஒயர் கட்டைப் பல்லால் கடித்துப் பிரித்தேன். அந்தப் பிளாஸ்டிக் வாசனை ஏறியதும் ஓசூர் டயாலிசிஸ் மையத்தில் உங்கள் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் இறந்து இரண்டு வருடமாகிறது. இதை எழுதுவது அந்த மையத்து வாட்ச்மேன். ஆமாம், நானேதான் எழுதுகிறேன்! வேலையை விட்டு மத்தூருக்கு வந்தபின், எழுபத்திரண்டு வயதில், சாயங்கால வகுப்புக்குப் போய் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். 'டயாலிசிஸ்' என்று எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிப்போயிற்று. ஆறட்டும். என் கையால் எழுதிய சொல்லைப் பார்த்துக்கொண்டே ஆறின டீயைக் குடிப்பதில் ஒரு ருசி இருக்கிறது.

வாயால் உங்களிடம் சொல்ல வராத ஒன்று இருந்தது. எழுதினால் வரும் என்றுதான் வகுப்புக்குப் போனேன்.

நாற்பது வருடத்துக்கு முன் உங்கள் கம்பெனி வாசலில் நீங்கள் எல்லோரும் ஸ்டிரைக் செய்து உட்கார்ந்திருந்தீர்கள். காண்டிராக்டர் எங்களை லாரியில் ஏற்றி வந்தான். பிரியாணியும் சாராயமும் உள்ளே போயிருந்தன. முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு கம்பியோடு குதித்தோம். யார் எவர் என்று பார்க்கவில்லை. மண்டை, முதுகு, முழங்கால், எது கிடைத்ததோ அதில் போட்டோம். ஒரு ஆள் தலையைக் காக்க வலக்கையைத் தூக்கினார். அந்தக் கையின் மேலேயே அடித்தேன். காய்ந்த மூங்கில் உடைகிற சத்தம் கேட்டது. அவர் கை தொங்கியது. நிறுத்தாமல் இன்னொரு அடி அடித்தேன். அப்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அண்ணா. பொய் எழுத மாட்டேன்.

அந்தக் கையை மையத்தில் நீங்கள் வந்த முதல் நாளே அடையாளம் கண்டுகொண்டேன். கோணிப்போன மணிக்கட்டு, மடங்காத இரண்டு விரல். உங்கள் இடக்கையில் ஊசி குத்தி, ரத்தம் குழாயில் போய் மெஷினைச் சுற்றித் திரும்பிக்கொண்டிருந்தது. நாலு மணி நேரம் அந்தக் கையை அசைக்கக் கூடாது. பணமில்லாத நோயாளிகளுக்காக அங்கே எல்லோரும் ஊசி இல்லாத கையாலும் பல்லாலும் ஒயர் கூடை பின்னி விற்கக் கொடுப்பார்கள். உங்களுக்கும் ஆசை. ஆனால் மிச்சமிருந்தது உடைந்த கை ஒன்றுதான்.

"ஏனப்பா வாட்ச்மேன், சும்மாதானே நிக்கிற? ஒரு கை குடு" என்றீர்கள்.

உட்கார்ந்து ஒயரை இழுத்தேன். நீங்கள் என் கையையே பார்த்தீர்கள்.

"பீச்சாங்கையா?"

"ஆமாண்ணா. சோறு திங்க மட்டும் சோத்தாங்கை."

"அடிக்கிறதுக்கு?"

நர்ஸம்மா சிரித்தார். நானும் சிரித்தேன்.

அப்புறம் மூன்று வருடம், வாரம் மூன்று நாள், உங்கள் வலக்கையும் என் பீச்சாங்கையும் சேர்ந்து ஒரே ஆள்போலப் பின்னின. நெல்லிக்காய் முடிச்சு தளர்ந்தால் உங்களுக்குப் பொறுக்காது. "இறுக்குடா! கழுத்த நெரிக்கிற மாதிரி இறுக்கு. தெரியாதவனாட்டம் நடிக்காத." ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பேன். "சும்னிரப்பா, முடிச்சைப் பாரு" என்று பாதிக் கன்னடத்தில் அடக்கிவிடுவீர்கள்.

ஒருநாள் கைப்பிடியைத் தப்பாகக் கோத்துவிட்டேன். பளாரென்று அந்தக் கோணல் கையாலேயே என் கன்னத்தில் அறைந்தீர்கள். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அறைந்த கை வலியில் நீங்களும் பல்லைக் கடித்தீர்கள். நர்ஸம்மா அலறிக்கொண்டு ஓடி வந்தார்.

"ஒண்ணுமில்லம்மா. முடிஞ்சுபோச்சு" என்றீர்கள்.

கைப்பிடியைச் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் வீட்டில் நீங்களே பின்னிய மஞ்சள் கூடையைக் கொண்டுவந்தீர்கள். நடுவில் சிவப்பு ஒயரில் ஏதோ பின்னியிருந்தது. "இது விக்கிறதுக்கில்ல, உனக்கு. இந்தப் பக்கம் வெளியே தெரியற மாதிரிதான் பிடிக்கணும்" என்றீர்கள். பூ வேலை என்று நினைத்தேன். அந்த மாதமே உங்கள் நாற்காலி காலியானது.

அந்தக் கூடையோடுதான் சந்தைக்குப் போனேன். பார்க்கிறவர்கள் எல்லாம் சிரித்தார்கள். தக்காளிக்கார அம்மா, "தாத்தா ரொம்ப வெயிட்டான ஆளு போல!" என்றாள். தக்காளியின் எடையைச் சொல்கிறாள் என்று நானும் பல்லைக் காட்டினேன்.

போன மாதம் டீச்சரம்மா, வீட்டில் எழுத்து உள்ள பொருள் எதையாவது கொண்டுவந்து படிக்கச் சொன்னார். கூடையைத் தூக்கிப் போனபோதுதான் சிவப்பு ஒயர் எழுத்தாகத் தெரிந்தது. விரல் வைத்துப் படித்தேன். அ. டி. ச். ச. வ. கடைசி எழுத்தில் நின்றுவிட்டேன்.

"அது தப்பு தாத்தா. ரெண்டு சுழி ன் வரணும். யாரோ 'அடிச்சவந்'னு போட்டிருக்காங்க."

தப்பு உங்களுடையதுதான். உங்கள் கன்னடத்தில் ந, ன இரண்டுக்கும் ஒரே எழுத்துதான். தமிழைப் பஸ் போர்டு பார்த்துப் படித்ததாக நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்.

அடிச்சவந். பெஞ்சில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தேன், அண்ணா. கூட இருந்த கிழவிகள் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள். இந்தப் பீச்சாங்கையைப் பார்த்த முதல் நாளே தெரிந்திருக்கிறது உங்களுக்கு. தெரிந்தும் மூன்று வருடம் இந்தக் கையைப் பக்கத்தில் வைத்திருந்தீர்கள். ஒரே ஒரு அறையோடு முடித்தீர்கள். மத்தூர்ச் சந்தை முழுக்க என்னை போர்டு மாட்டி நடக்கவும் விட்டீர்கள்!

டீச்சரம்மா அந்த ஓர் எழுத்தைப் பிரித்து மாற்றித் தருகிறேன் என்றார். கையை எடுங்கம்மா என்றேன்.

இப்போது மையத்துக்கு அனுப்ப ஒரு நீலக் கூடை பின்னுகிறேன். பக்கத்தில் உங்கள் கை இல்லாததால் என் வலக்கையைக் கோணலாக மடக்கி வைத்துக்கொள்கிறேன். முடிச்சு அப்படித்தான் இறுகுகிறது. சந்தைக்கு மட்டும் மஞ்சள் கூடைதான், எழுத்து வெளியே தெரிகிற மாதிரி. நேற்றும் பஸ்ஸில் ஒருத்தர் கூடையைப் படித்துவிட்டுக் கேட்டார்:

"யாருங்க பெரியவரே அது, அடிச்சவந்?"

"நான்தாங்க" என்றேன்.