மருந்து போடாத தோட்டா

அன்புள்ள லோர்னா,

மொன்டானாவில் குளிர் தொடங்கியிருக்குமே, உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? இங்கே எண்ணெய்க் கிணற்று வேலையில் நான் நலமே.

பொழுது போகாமல், சுட்ட தோட்டாக் கூடுகளைத் திரும்ப நிரப்பும் பழைய பிரஸ் ஒன்றை வாங்கி நான் தங்கும் டிரெய்லர் வண்டிவீட்டு மேசையில் பொருத்தினேன். நேற்று சுட்டுப் பார்த்தபோது லேசாக ‘டிக்’ என்றது. குண்டு துப்பாக்கிக் குழாயிலேயே சிக்கிக்கொண்டது. ஒரு கூட்டில் வெடிமருந்து போடாமல் விட்டிருக்கிறேன். பயப்படாதே, எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

பக்கத்து டிரெய்லர் டுவைன் சிரித்தான். “மருந்து அளக்கறப்ப யாருகிட்டய்யா பேசிக்கிட்டிருந்த? உன் வாசலுக்குத்தான் ஒரு நாயும் வர்றதில்லையே.”

உன்னோடுதான் பேசிக்கொண்டிருந்தேன்.

மான் வேட்டைக்கு ஊர் வரவும் விடுப்பு கிடையாதாம். கம்பளிக் காலுறை அனுப்பு. நம் கொட்டகைக் கதவில் ‘மருந்து அளக்கிறேன், பேசாதே’ என்று நான் மாட்டிய அட்டையைக் கழற்றி அடுப்பில் போட்டுவிடு. வேலை வண்டி ஹாரன் அடிக்கிறது.

உன் வெர்ன்