ஊற்றின் மேல் வரைந்த விடுதி

14 மார்ச் 1969, வெள்ளி.

கல்லூரி விடுதியின் வரைபடம் நான் வரைந்ததுதான். சரிவிலுள்ள ஊற்றின் மேலேயே கட்டடம் வருவது போன வாரம்தான் எனக்கு உறைத்தது. கீழே குடியிருப்பவர்களுக்கு அந்தத் தண்ணீரை விட்டால் வேறு இல்லை. வேலை போய்விடுமோ என்று பயந்து வாயைத் திறக்கவில்லை.

இன்று என்ஜினீயரோடு இடம் பார்க்கப் போனேன். கீழ்க் குடியிருப்பிலிருந்து தண்ணீர் எடுக்கக் குடத்தோடு வந்த முனியம்மா, "இங்க கட்டினா நாங்க பானிக்கு எங்க சாப் போறது?" என்று கேட்டாள்.

"தப்பு என்னுது சார். நாப்பது அடி தள்ளிக் கட்டலாம்" என்று சொல்லிவிட்டேன்.

என்ஜினீயர் குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்தார். "முன்னாடியே சொல்றதுக்கு என்னய்யா? திங்கக்கிழமைக்குள்ள மாத்திக் குடு" என்றார்.

அவ்வளவுதான். இதற்கா ஒரு வாரம் தூங்காமல் கிடந்தேன்! நாளைக்குப் புதுத் தாளில் முதலில் ஊற்றைத்தான் வரைய வேண்டும். கட்டடம் அப்புறம்.