இடது மணிக்கட்டு, லேசான சுளுக்கு

என் வாயாடி அப்பாவுக்கு,

ஏழு வருஷமாகக் கல்லறைத் திருநாள் அன்று உங்களுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன், சாமந்தி மாலை போடுகிறேன். ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது நான் படித்த பயிற்சி மையத்தில் ஆண்டு மலர் போடுகிறார்கள். முதல் செட் மாணவி என்பதால் என்னிடம் இரண்டு பக்கம் கேட்டிருக்கிறார்கள். "இந்தப் பயிற்சி என் வாழ்வை மாற்றிய விதம்" என்று தலைப்பும் அவர்களே கொடுத்துவிட்டார்கள். மாற்றியதுதான். எப்படி மாற்றியது என்பதை உங்களுக்கே எழுதிவிடுகிறேன். மற்றவர்கள் கூட நின்று கேட்டுக்கொள்ளட்டும்.

உங்களைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெயர் சவரிமுத்து. பாலக்கரையில் தையல் கடை. சாமியார்களுக்கு அங்கி தைப்பதில் கைராசிக்காரர். வருஷத்துக்கு ஒரு தடவை, ஆண்டவரைச் சிலுவையில் அறைவதை நடித்துக் காட்டும் பங்குக் கோயில் பாஸ்கா நாடகத்தில், அவருக்கு இடது பக்கம் தொங்குகிற கெட்ட கள்ளன். வசனம் இரண்டே வரி. அதை நீங்கள் கால் மணி நேரம் பேசுவீர்கள். ஆண்டவரே உயிரை விட்ட பிறகும் நீங்கள் விடமாட்டீர்கள். தலையைத் தொங்கப் போடுவீர்கள், ஜனம் அப்பாடா என்று மூச்சு விடும்போது மறுபடி நிமிர்ந்து ஒரு முனகல் போடுவீர்கள். கீழே எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் தாவணியால் முகத்தை மூடிக்கொள்வேன்.

நான் எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் கோட்டை விட்டவள். என்னைப் போல் காலேஜ் படி ஏற முடியாதவர்களுக்கென்று ஒரு கல்லூரியின் சமூக சேவைப் பிரிவில் ஆறு மாத மாலை வகுப்பு ஆரம்பித்தார்கள். விபத்து நடந்த இடத்துக்கு ஆம்புலன்ஸ் வேனில் போய், அடிபட்டவரை ஆஸ்பத்திரி சேர்க்கும்வரை உயிரோடு வைத்திருக்கிற வேலைக்கு ஆள் தயார் செய்யும் வகுப்பு. நான் சேர்ந்துவிட்டு வந்து சொன்னபோது நீங்கள் ஊசியில் நூலைக் கோத்தபடியே சொன்னீர்கள்: "ஆளத் தூக்குறதுக்குப் படிப்பா? நம்ம ஊர்ல நாலு பேரு அதச் சும்மாவே செய்றாங்களேம்மா."

நாலு நாள் உங்களோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் என் கட்டில்மேல் ஒரு வெள்ளைக் கோட் மடித்து வைத்திருந்தது. அளவெடுக்காமலே தைத்திருந்தீர்கள், தோள் கச்சிதமாக உட்கார்ந்தது. நான் நன்றி சொல்லவில்லை. சொன்னால் அதையும் கடைக்கு வருகிறவர்களிடம் நடித்துக் காட்டுவீர்கள் என்று பயம்.

எங்களுக்குப் பாடம் எடுத்தவர் பட்டாளத்தில் மருத்துவப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஹவில்தார் சார் என்போம். வாரா வாரம் ஒரு "பொய் விபத்து" வைப்பார். பாதிப் பேர் அடிபட்டவர்களாகப் படுத்துக்கொள்ள வேண்டும். என்ன காயம் என்று எழுதிய சீட்டு ஒன்று கழுத்தில் தொங்கும். மீதிப் பேர் அதைப் படித்து, யாரை முதலில் தூக்குவது என்று முடிவு செய்து ஓட வேண்டும். ஆரம்பத்தில் படுத்திருக்கிறவர் முகத்தைப் பார்த்ததும் எங்களுக்குச் சிரிப்பு வந்துவிடும், வேலை ஓடாது.

அதற்காகவே ஒரு சட்டம் போட்டார். "மூஞ்சியப் பாக்காத, சீட்டப் பாரு. கத்துறவன் மூச்சு விடுறான், அவன் காத்திருப்பான். சீட்டுல எவனுக்குப் பெரிய அடியோ அவன மொதல்ல தூக்கு." ஆறு மாதத்தில் அது எங்களுக்கு ஜெபம் மாதிரி ஆகிவிட்டது. நான் வகுப்பிலேயே வேகமானவள். ஒரு முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காமல் பத்துப் பேரைப் பிரித்துவிடுவேன்.

இறுதிப் பரீட்சையை முக்கொம்பு அணைப் பூங்காவில் வைத்தார்கள். பஸ் கவிழ்ந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்ள வேண்டும். ஆளுக்கு ஒரு "நோயாளி"யை வீட்டிலிருந்து அழைத்து வர வேண்டும், அவருக்கான சீட்டையும் நாமே எழுத வேண்டும். நான் மாமாவைக் கூப்பிட்டேன், அவருக்கு அன்றைக்கு டூட்டி. நீங்கள் மார்பைத் தட்டிக்கொண்டு எழுந்தீர்கள்.

"இருவது வருஷமா சிலுவையில தொங்குறவன்டி நான். எனக்குச் சாகத் தெரியாதா? தலை ஒடஞ்சு போச்சுன்னு எழுது. இல்லன்னா நெஞ்சுல கம்பி குத்திடுச்சுன்னு போடு."

வெளியூரிலிருந்து டாக்டர் வந்து மார்க் போடுகிற இடத்தில் நீங்கள் கெட்ட கள்ளன் வேஷம் கட்டினால் என் மானம் கப்பலேறும் என்று தோன்றியது. இருப்பதிலேயே சின்னக் காயமாக யோசித்தேன். முத்து முத்தாக எழுதினேன்: இடது மணிக்கட்டு, லேசான சுளுக்கு. உங்கள் கடைநூலிலேயே கோத்து உங்கள் கழுத்தில் மாட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு எதுக்கும்மா நான்? ஒரு சின்னப் புள்ள போதுமே" என்றீர்கள். முகம் வாடியது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடித்து எல்லோரும் ஒரே பஸ்ஸில் போனோம். முக்கொம்பில் அன்று நல்ல கூட்டம். புளிசாதம் கட்டிக்கொண்டு வந்த குடும்பங்கள் எங்களைச் சுற்றி உட்கார்ந்துவிட்டன. சிவப்பு மையில் விளக்கெண்ணெய் கலந்து ரத்தம் பூசினோம். உங்களுக்குப் பூசவில்லை. சுளுக்குக்கு ஏது ரத்தம்?

விசில் ஊதினார்கள். ஸ்ட்ரெச்சரில் என் ஜோடி ரங்கநாயகி, ஸ்ரீரங்கத்துப் பெண். கண்டவரையும் தொட்டுவிட்டு வருகிறாள் என்று வீட்டில் அவளைக் கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்ட பிறகுதான் உள்ளே விடுவார்கள். ஆறு மாதமும் சளியோடு வகுப்புக்கு வந்தவள். நாங்கள் உங்களைத் தாண்டி ஓடும்போது நீங்கள் மரத்தடியில் சாய்ந்து இடது கையைப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள்.

"ஸ்டெல்லா, கையி இழுக்குதும்மா" என்றீர்கள்.

சரியாகத்தான் நடிக்கிறார் என்று நினைத்தேன் அப்பா. சீட்டில் இடது கைதானே எழுதியிருந்தேன்? நினைத்துப் பாருங்கள், எனக்கு அந்த நிமிஷம் உங்கள்மேல் கொஞ்சம் பெருமைகூட வந்தது. அடுத்து நீங்கள், "நெஞ்சு அடைக்குது புள்ள" என்றீர்கள். அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது.

"அப்பா, சீட்டுல கையி மட்டும்தான் இருக்கு. நெஞ்செல்லாம் கூடச் சேக்காதீங்க. பேசாம கெடங்க."

ரங்கநாயகி நின்றுவிட்டாள். அவள் ஒருத்திதான் உங்கள் முகத்தைப் பார்த்தவள். "ஏன்டி, உங்கப்பாக்கு இப்படி வேர்த்துக் கொட்டறதே. உதடெல்லாம் வெளுத்துப் போயிருக்குடி."

"இந்த வெயில்ல ஒங்க ஊரு பெருமாளுக்கே வேர்க்கும். நீ அந்தத் தொடை எலும்பத் தூக்கு, வா."

அவள் வந்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். என் அப்பாவைப் பற்றி எனக்குத் தெரியாதா என்று நினைத்திருப்பாள்.

தொடை எலும்பு, தலைக்காயம், வயிற்றில் கண்ணாடி, கர்ப்பிணி. ஒவ்வொருவராகத் தூக்கிக்கொண்டு போய் வரிசையில் போட்டோம். யாருக்கும் ஒரு குறையுமில்லை. தொடை எலும்பு முறிந்தவர் இடையில் எழுந்து ஒரு பீடி பற்ற வைத்தார். நீங்கள் சத்தமே போடவில்லை. ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன், தலை தொங்கியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்து ஒரு முனகல் போடுவார் பார் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். சொல் பேச்சுக் கேட்காத மனுஷன் ஒருமுறை கேட்டாரே என்று நிம்மதியாகவும் இருந்தது.

கடைசியாக உங்களிடம் வந்தேன். கட்டுப்போட மணிக்கட்டைத் தூக்கினேன். குளிர்ந்திருந்தது. நாடி பார்த்தேன், ஓடவில்லை. அந்தக் கை, அந்தக் கைதான் அப்பா.

யாரையும் கூப்பிடவில்லை. மல்லாக்கப் படுக்க வைத்து நெஞ்சை அழுத்த ஆரம்பித்தேன், வாயில் வாய் வைத்து ஊதினேன். கூட்டம் கை தட்டியது. ஹவில்தார் சார் கடைசியில் ஒரு புதுச் சோதனை வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்ட டாக்டர் பக்கத்தில் வந்து குனிந்தார். "கைய இன்னும் கொஞ்சம் கீழ வைம்மா. ஆங், அங்கதான். எண்ணிக்கிட்டே அழுத்து. குட்." நான் எண்ணினேன். ரங்கநாயகி அலறிய பிறகுதான் கைதட்டல் நின்றது.

சர்டிபிகேட் தபாலில் வந்தது. முதல் வகுப்பு. மார்க் தாளும் கூடவே இருந்தது. மூச்சு கொடுத்தல், நெஞ்சு அழுத்துதல்: இருபதுக்குப் பதினெட்டு. கை முதலில் சற்று மேலே இருந்ததற்காக இரண்டு குறைத்திருந்தார். அலறல் கேட்பதற்கு முன்பே போட்ட மார்க், அதை யாரும் திருத்தவில்லை. அம்மா அதற்குக் கண்ணாடி போட்டு உங்கள் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். உங்களுக்கு வைக்கிற பூவில் ஒன்றை அதற்கும் வைப்பாள்.

ரங்கநாயகி அன்றோடு நின்றுவிட்டாள். நான் நிற்கவில்லை. நின்றிருந்தால் நல்ல மகள் என்றாவது பெயர் வந்திருக்கும். ஒரு மிஷன் ஆஸ்பத்திரி வேனில் போகிறேன். போன மாதம் லால்குடி ரோட்டில் நெல் லாரி சாய்ந்தது. சுண்டு விரல் நசுங்கிய ஒருவருக்கு முதலில் சட்டையைத் திறந்து நெஞ்சில் காது வைத்தேன். "வெரல்ல அடிபட்டவனுக்கு நெஞ்ச எதுக்கும்மா பாக்குறீங்க?" என்று அவர் சண்டைக்கு வந்தார். டிரைவர் அவரிடம், "கோச்சுக்காதீங்க, இந்தம்மா அப்படித்தான், கொஞ்சம் கழண்ட கேசு" என்று சமாதானம் சொன்னார். எல்லோருக்கும் இது தெரியும், ஏன் என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

ஊர்ச் செய்தி ஒன்று. பாஸ்காவில் இப்போது கெட்ட கள்ளனாக வேறு ஒருவர் வருகிறார். இரண்டு வரியைப் பேசிவிட்டு ஒழுங்காகச் செத்துப்போகிறார். யாரும் சிரிப்பதில்லை. நாடகம் சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

அம்மா ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் என்னை ஒரே கேள்வி கேட்பாள். "கடைசியா ஏதாச்சும் சொன்னாரா?" "ஒண்ணும் சொல்லல" என்பேன் நான். "ஒரு வலியில்ல, ஒரு பேச்சில்ல, நல்ல சாவு" என்று துக்கம் கேட்டு வந்தவர்களிடமெல்லாம் அவள் சொன்னது அதை வைத்துத்தான். அவளுக்கு இருக்கிற ஒரே ஆறுதலைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குப் பயம்.

மலர் அச்சாகி வந்தால் பக்கத்து வீட்டில் யாராவது அம்மாவுக்குப் படித்துக் காட்டுவார்கள். அதற்கு முன்னால் நானே படித்துவிடலாம் என்று நேற்று மத்தியானம் உட்கார்ந்தேன். அம்மா சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். "கையி இழுக்குதும்மா" என்ற இடத்தில் அரிவாள்மணையில் அவள் கை நின்றது. நான் உங்களை அதட்டிய இடத்தையும் நிறுத்தாமல் படித்துவிட்டேன். திட்டுவாள், சாபம் விடுவாள், மீனை என் முகத்தில் எறிவாள் என்று காத்திருந்தேன்.

அம்மா கையைக் கழுவவில்லை. "நான் சொன்னது எதுவும் ஒங்கிட்ட சொல்லலியா அவரு?" என்றாள்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"காலையில பூசைக்குக் கெளம்புறப்பவே நெஞ்சு கரிக்குது, கையி மரத்துப்போவுதுன்னாரு. வீட்லயே இருக்கட்டுமான்னு கேட்டாரு. புள்ளைக்குப் பரீட்ச, ஒங்க நடிப்ப அங்க போயிக் காட்டுங்கன்னு நாந்தான் சட்டையக் கையில குடுத்து அனுப்பி வெச்சேன்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது அப்பா. ஏழு வருஷம் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டது ஆசையில் இல்லை, பயத்தில். நீங்கள் அவளை என்னிடம் காட்டிக்கொடுத்தீர்களா என்று தெரிந்துகொள்ளத்தான். நான் இல்லை என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் அவள் ஒரு வருஷம் தப்பித்தாள், நானும் தப்பித்தேன். ஒரே வீட்டில், ஒரே படத்துக்குப் பூ வைத்துக்கொண்டு.

"அந்த மலர்ல என்னையும் சேத்துப் போடு" என்று சொல்லிவிட்டு அம்மா மறுபடி மீனை எடுத்தாள். சேர்த்துவிட்டேன்.

வாய் மூடாத மனுஷன் நீங்கள். ஊரில் யார் அங்கி கிழிந்தது, யார் வீட்டில் என்ன சண்டை, எல்லாம் உங்கள் வாயில்தான் வரும். அம்மா சொன்னதை மட்டும் ஏன் சொல்லவில்லை? பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில்தானே உட்கார்ந்திருந்தீர்கள்? சொன்னால் மட்டும் நான் நம்பியிருப்பேனா?

மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. கொடுக்க முடியாதவரிடம் கேட்டு என்ன ஆகப் போகிறது? ஒன்று மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். ஹவில்தார் சார் வயதாகி விலகிவிட்டார், பொய் விபத்தை இனி நான் நடத்த வேண்டுமாம். ஏழு வருஷமாக முக்கொம்புப் பக்கம் வேன் போனால்கூட லீவு போட்டவள், சரி என்று சொல்லிவிட்டேன். உங்கள் சீட்டு என் ஜெபப் புத்தகத்தில் இருக்கிறது, நூலோடு. முதல் வகுப்பில் அதைத்தான் பிள்ளைகளிடம் கொடுப்பேன். யார் எழுதியது, யார் கழுத்தில் கிடந்தது, அவர் சொன்னதற்கு எழுதியவள் என்ன பதில் சொன்னாள் என்று ஒவ்வொரு செட்டுக்கும் என் வாயாலேயே சொல்வேன். அதன் பிறகு ஒரே சட்டம்தான்: முதலில் முகத்தைப் பார். நடிக்கிறவன் ஏமாற்றினால் ஏமாந்து போ.

நீங்கள் சொல்லியும் நம்பாத இருவரில் சின்னவள்,
உங்கள் மகள் ஸ்டெல்லா