அஸ்திவாரக் குழியில் கிடைத்த கலசம்

கிரீட் தீவு,
திராட்சை அறுவடை முடிந்த வாரம்.

ஷ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கும் என் பேத்தி ரொதான்திக்கு, பாட்டி மரிகோ முத்தங்களுடன் எழுதுவது. நானும் ஆடுகளும் நலம். நர்ஸ் உடுப்பில் நீ அனுப்பிய படத்தை ரொட்டிக்கடைக்காரியிடம் காட்டினேன். ராணி மாதிரி இருக்கா என்றாள். இன்னொரு தரம் காட்டினேன்.

உன் மாமன் மனூசோஸ் எழுதுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். உன் கல்யாணத்துக்கென்று ஆரம்பித்த வீட்டு வேலை நின்றுவிட்டது. நிறுத்தியது நான்தான்.

கடலோரத் தோட்டத்தில் அஸ்திவாரம் தோண்டும்போது ஒரு மண் கலசம் கிடைத்தது. கூம்பு மாதிரி நீளமாக, ஒரு கைப்பிடியோடு. அதைச் சுற்றி ஒரு ஆக்டோபஸ் எல்லாக் கைகளையும் நீட்டிப் படுத்திருக்கிறது. நாம் கயிற்றில் காயப்போடுகிறோமே, அதேதான். கண் மட்டும் ஆளையே பார்க்கிறது. கொத்தனார் சிஃபிஸ் அதைக் கழுவி, குடிப்பதற்குத் தண்ணீர் ஊற்றினான். அடியில் ஓட்டை. அத்தனையும் அவன் கால்சட்டையில். என்ன சிஃபிஸ், இந்த வயசுலயே அடக்க முடியலையா என்று உன் மாமன் சிரித்தான். ஓட்டைப் பானைக்கு இவ்ளோ அலங்காரம் எந்த மடையன் பண்ணினான் என்று சிஃபிஸ் கத்தினான்.

நான் வாங்கி, ஓட்டையில் விரல் வைத்துப் பார்த்தேன். உடைந்ததில்லை. விளிம்பை வழவழப்பாக்கிச் சுற்றிலும் கோடு போட்டிருந்தார்கள். நிரப்பி வைக்க அல்ல, மண்ணில் ஊற்றச் செய்தது. உன் அம்மா செத்த நாற்பதாம் நாளில் அவள் கல்லறை மண்ணில் நான் ஒயின் ஊற்றியது ஞாபகம் வந்தது. கலசம் இருந்த இடத்தில் சின்னக் கிண்ணங்கள் வரிசையாகக் கவிழ்த்தபடி இருந்தன. யாரோ வேண்டிக்கொண்டு, வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

அம்மா, வாயை மூடிக்கிட்டு இரு, மியூசியத்துக்குத் தெரிஞ்சா ஒரு கல்லுகூட வைக்க விடமாட்டாங்க, காலையில கான்கிரீட் வருது, மூடிடலாம் என்றான் உன் மாமன். உனக்காகத்தான் சொன்னான். அவனைக் கோபித்துக்கொள்ளாதே.

மறுநாள் காலையில் நாற்காலியை எடுத்துப் போய்க் குழிக்குள் போட்டு உட்கார்ந்துவிட்டேன். லாரிக்காரன் ஹாரன் அடித்தான். எழுந்திரும்மா, ஊரே பாக்குது என்றான் உன் மாமன். பாக்கட்டும், என் மேலயே ஊத்து, வீடு உறுதியா நிக்கும் என்றேன். அதற்குள் சிஃபிஸ் காபிக்கடைக்கு ஓடி மியூசியத்துக்குப் போன் போட்டுவிட்டான். வந்தவள் சின்னப் பெண். பையைப் போட்டது போட்டபடி குழியில் குதித்தாள். பாட்டி, இது மினோவன் ஜனங்க சாமிக்கு ஊத்தின கலசம், கிரேக்கருக்கும் முந்தினவங்க என்றாள். வீட்டு வேலையை எப்போது தொடங்கலாம் என்று உன் மாமன் கேட்டபோது, அவள் குழியைச் சுற்றிக் கயிறு கட்ட ஆரம்பித்திருந்தாள்.

சாயங்காலம் உனக்கு நிச்சயித்த ஸ்திராதிஸும் அவன் அம்மாவும் வந்தார்கள். பொண்ணு வீட்டோட வரும்னு சொன்னீங்க, இப்ப பானையோட வருதாக்கும் என்றாள் அம்மாக்காரி. கதவைச் சாத்தினேன். ஸ்திராதிஸ் வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். அவன் மனசில் என்ன என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்திருக்கும்.

உன் படுக்கைக்கு அடியில் அந்தக் கிண்ணங்களைப் புதைத்துவிட்டு, மேலே உன் பிள்ளைக்குத் தொட்டில் கட்ட எனக்கு மனசு வரவில்லை, கண்ணே.

என் மாடி அறைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டேன். ஜன்னலைத் திறந்தால் கடல். என் கட்டிலைக் கீழே எண்ணெய் ஜாடிகளுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். இந்த வீடு உனக்குத்தான், இன்று முதலே.

ஆஸ்பத்திரியில் உன்னை நிரந்தரமாக இருக்கச் சொல்கிறார்கள் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். அதற்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை.

மாதா உன் கூடவே இருக்கட்டும். என் மேல் கோபமிருந்தால் கடிதத்தில் திட்டாதே. வந்து நேரில் திட்டு.

உன் பாட்டி,
மரிகோ