தீப்பெட்டிக்குள் ஈ.சி.ஜி.

தங்கச்சிக்கு,

என் போனை நீ எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம். கிழிப்பதென்றால் முழுதாகப் படித்துவிட்டுக் கிழி.

நான் செய்த ஈ.சி.ஜி. கருவி இப்போது தீப்பெட்டி அளவுதான். போனில் சொருகினால் அறிக்கை டாக்டருக்குப் போய்விடும். அதைச் சிறிதாக்கத்தான் மூன்று வருடம் மண்டையை உடைத்தேன். நெஞ்சுவலியோடு ஏணியில் நின்று மிளகு பறித்த நம் அப்பா சொன்னார்: "இத்தினியூண்டு டப்பாவுக்கு என்ற நெஞ்சு தெரியுமாக்கும்? பெரிய மெசினாக் கொண்டா சாமி."

எரிச்சலில் பழைய டேப்ரெக்கார்டரைக் காலி செய்து, கருவியை உள்ளே வைத்து மூடினேன். உடனே சட்டையைக் கழற்றிவிட்டுப் பயபக்தியோடு படுத்தார்! அறிக்கையைப் பார்த்த டாக்டர் அப்போதே கீழே கொண்டுவரச் சொன்னார். மலைப்பாதையின் எழுபது வளைவும் இறங்கி நாமக்கல் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். வருகிற பதினாறாம் தேதி ஆபரேஷன்.

உன்னைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. குழந்தை பிறந்தபோது நீ அனுப்பி, நான் பதில் போடாத படத்தைக் காட்டினேன். "ரொம்பச் சின்னதா இருக்குது, பெருசாக் காட்டு" என்றார். விரலால் எவ்வளவு விரித்தும் அவருக்குப் போதவில்லை.

அதற்கு மேல் பெரிதாக்க என்னிடம் கருவி இல்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வா.

உன் அண்ணன்