ஞாயிற்றுக்கிழமை ரோயிங்

ஞாயிறு, ஜூலை 6

காலையிலேயே புழுக்கம். வானம் மூடிக் கிடக்கிறது, மழை இல்லை. நேற்றுத் துவைத்த துணி இன்னும் ஈரம்.

இவர் ஏழு மணிக்குக் கிளம்பினார். அடுத்த மாதம் எங்கள் குடியிருப்புத் தாமானில் போட்டி. ஓட்டம், சைக்கிள், மறுபடி ஓட்டம். ஐம்பத்திரண்டு வயதில் பேர் கொடுத்திருக்கிறார்.

கையில் மகள் கவி வாங்கித் தந்த வாட்ச். மலிவு சாமான். ஒரு நேரத்தில் ஒரே விளையாட்டைத்தான் பதியும். ஓட்டம் முடிந்தால் நிறுத்தி, சேமித்து, சைக்கிளைத் தேடி அமுக்க வேண்டும். போன வழியும் பதியாது, ஃபோன் கூட இருந்தால்தான். இவர் ஃபோன் பழசு, ஆப் ஏறவில்லை. கவி என் ஃபோனில் போட்டுவிட்டுப் போனாள். என் ஃபோன் அடுப்படியில். ஆக மேப் கிடையாது. நேரமும் இதயத் துடிப்பும் மட்டும்.

9.20க்கு வந்தார். சாப்பிட்டுத் தூங்கினார். சும்மா ஆப்பைத் திறந்தேன்.

ஓட்டம் 22 நி.
சைக்கிள் 18 நி.
ரோயிங் 47 நி.
சைக்கிள் 16 நி.

ரோயிங் என்றால் படகில் துடுப்பு போடுவது. எங்கள் ஊர் தம்போயில் எந்த ஆற்றில்? எங்கள் வீட்டு வரிசையில் இருப்பது சாக்கடைதான்.

அப்புறம் கணக்கு. மொத்தம் 103 நி. வெளியே இருந்தது 140. மீதி 37 எங்கே?

எழுந்ததும் கேட்டேன். "வாட்ச்சு மலிவுலா. பைத்தியம் மாதிரி எதையாச்சும் போடும்" என்றார். சொல்லும்போது மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

கறிவேப்பிலை வாங்க மறந்துவிட்டேன்.

செவ்வாய், ஜூலை 8

மார்னிங் ஷிப்ட். இருபது வருஷமாக பேக்டரியில் கியூசி, தரம் பார்க்கிற வேலை. கோணல் பார்ட் கையில் வந்தால் விரலுக்குத் தெரிந்துவிடும். இதுவும் கோணல்தான்.

வாட்ச் வந்து மூன்று ஞாயிறு. மூன்றிலும் ரோயிங். வேறு எந்தக் கிழமையிலும் இல்லை.

பிரேக்கில் கூட வேலை பார்க்கும் கலாவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அவள் மீகூன் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, தொப்பையோட இருந்த ஆம்பள திடீர்னு ஓட ஆரம்பிச்சா யாருக்காகன்னு கேளுங்க" என்றாள். மத்தியானம் முழுக்க தலைக்குள் அதே ஓடியது. நாலு பீஸ் தப்பாக பாஸ் பண்ணிவிட்டேன்.

சாயங்காலம் கவிக்கு ஃபோன், அவள் இருக்கும் பத்து பாகாட் ஊருக்கு. நைசாக விசாரித்தேன்.

"நிறுத்திட்டு அடுத்தத அமுக்க மறந்தா, கை ஆடுறத பாத்து அதுவே ஒரு பேரு வச்சுக்கும்மா. ஆனா பத்து நிமிஷமாவது ஒரே மாதிரி ஆடணும்."

"நாப்பத்தேழு நிமிஷம் ஆடியிருக்குடி."

அதை விட்டுவிட்டு, "பெரியப்பாவுக்கு உடம்பு முடியலயாம், தெரியுமா?"

அந்தப் பேச்சு வேண்டாம் என்று வெட்டிவிட்டேன். இவருடைய அண்ணன். எட்டு வருஷத்துக்கு முன்னால் லாயாங் லாயாங் ஊரில் என் அம்மா கருமாதிக்குக் குடித்துவிட்டு வந்து, அம்மா படத்துக்கு முன்னால் இலையைத் தூக்கி எறிந்த ஆள். அன்றோடு சரி.

கவி ஏன் பேச்சை மாற்றினாள்? அவளுக்கும் அப்பா விஷயம் தெரியுமோ?

வியாழன், ஜூலை 10

ஆஃப் டே, எனக்கு லீவு. இவர் வாட்சைக் கழற்றி சார்ஜில் போட்டுவிட்டு வேலைக்குப் போனார். எடுத்துக் கட்டிக்கொண்டு சோதனை:

தேங்காய் துருவல், 12 நி. – ஒன்றுமில்லை.
தரை துடைப்பு – நடை என்றது.
சப்பாத்தி மாவு – ஒன்றுமில்லை. மாவுதான் வாட்சில்.
அயர்ன் – ஒன்றுமில்லை.

அப்படி என்னதான் செய்கிறார்? நினைக்கக் கூடாததெல்லாம் நினைத்தேன். இங்கே எழுதவும் கூச்சம்.

இன்னொன்று. ஞாயிறன்று இவர் கையில் தைல வாசனை. கால் பிடிப்பு, தேய்த்தேன் என்றார். வீட்டில் ஒரே பாட்டில், தைலம் கழுத்து வரை நிற்கிறது. பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

ஞாயிறு, ஜூலை 13

கொட்டுகிற மழை. ஏழு மணிக்கு ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுக்கிறார்!

"இந்த மழையில என்ன பயிற்சி?"

"போட்டி அன்னைக்கு மழ வந்தா?"

கார் சாவியை எடுத்துக்கொண்டு கேட் வரை போய்விட்டேன். பின்னாலேயே போய்ப் பார்த்துவிடலாம் என்று. எதிர்வீட்டு சீனத்தி குடையோடு நின்று கையாட்டினாள். நானும் ஆட்டினேன். வெட்கமாக இருந்தது. நைட்டியோடு புருஷனைத் துரத்துகிறேன். உள்ளே வந்துவிட்டேன்.

ஓட்டம் இல்லை. சைக்கிள் 19. ரோயிங் 51. சைக்கிள் 17. ரோயிங்கில் இதயத் துடிப்பு 78. துடுப்பு போடுகிறவனுக்கு 78-ஆ? நான் உட்கார்ந்து டிவி பார்த்தாலே 80.

கையில் மறுபடி தைலம். பாட்டிலில் கோடு போட்ட இடத்திலேயே நிற்கிறது. ஆக வேறு வீட்டுத் தைலம்.

ராத்திரி தோசை கருகியது. ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அதுவும் சந்தேகம்தான்.

சனி, ஜூலை 19

இவர் தூங்கிய பிறகு எழுதுகிறேன்.

நாலு மணி. வாரம் முழுக்க நின்று முழங்கால் வீக்கம். சோபாவில் காலை நீட்டியிருந்தேன். "காட்டு" என்று தைலத்தோடு உட்கார்ந்தார். இருபத்தாறு வருஷத்தில் என் தலைவலிக்குக்கூடத் தேய்க்கத் தெரியாத மனுஷன். இரண்டு கையாலும் கணுக்காலிலிருந்து முழங்கால் வரை ஏற்றி, இறக்கி, ஏற்றி, இறக்கி. ஒரே சீராக. பழகிய கை. கண்ணை மூடிவிட்டேன். பத்து நிமிடம் போயிருக்கும்.

அப்போது அவர் கையில் வாட்ச் அதிர்ந்தது.

இரண்டு பேரும் பார்த்தோம். ரோயிங்.

"யாரு காலு?" என்றேன்.

கை நின்றுவிட்டது. "அண்ணனோடது."

ஜனவரியில் ஸ்ட்ரோக். வலது பக்கம் விழுந்துவிட்டது. அண்ணி போய்ச் சேர்ந்துவிட்டார். அண்ணன் மகன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வருகிறான், ஞாயிறு காலையிலும் ஷிப்ட். மற்ற நாள் பார்த்துக்கொள்கிற ஆளுக்கு ஞாயிறு லீவு. அந்த நேரத்துக்கு இவர். குளிப்பாட்டி, கஞ்சி கொடுத்து, கால் தேய்த்துவிடுவாராம். குளிப்பாட்டும்போது வாட்சைக் கழற்றி வைப்பாராம். அந்த 37 நி.

"போட்டி?"

"நெசம்தான். ஆனா சைக்கிள் எடுத்தது அண்ணனுக்காகத்தான்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீதானே சொன்ன. அந்த வாசல மிதிச்சா இந்த வாசல மிதிக்காதீங்கன்னு."

சொன்னேன். கருமாதிப் பந்தலில், எல்லார் முன்னாலும்.

அழுகை வந்தது. பொம்பளை இல்லை என்று நிம்மதியா, ஆறு மாசமாக ஏமாற்றினாரே என்று கோபமா, தெரியவில்லை. கூடப் பிறந்தவனுக்குக் கஞ்சி ஊற்றுவதைத் திருட்டுத்தனமாகச் செய்ய வைத்திருக்கிறேன். அது மட்டும் தெரிகிறது. ஆனால் அந்த இலையையும் நான் மறக்கவில்லை.

ஒரு முழங்கால்தான் தேய்த்தார். இன்னொன்று அப்படியே வலிக்கிறது.

ஞாயிறு, ஜூலை 20

நல்ல வெயில். துணி இரண்டு மணி நேரத்தில் காய்ந்தது.

ஏழு மணிக்கு இவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கேட்டிலேயே நின்றார். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. புதுத் தைல பாட்டிலைப் பையில் போட்டேன். அவ்வளவுதான். சமைத்தெல்லாம் கொடுக்கவில்லை.

9.15க்கு வந்தார். சைக்கிள் 17. ரோயிங் 54. சைக்கிள் 18.

தண்ணீர் கொடுக்கும்போது கேட்டேன். எட்டு வருஷத்தில் முதல் தடவை.

"உங்க அண்ணனுக்கு கால் அசையுதா?"

டம்ளரை வாயிலிருந்து எடுத்தார். "பெருவிரல் மட்டும்."

மலிவு வாட்ச் 54 நிமிடம் ரோயிங் என்கிறது. இவர் பெருவிரல் மட்டும் என்கிறார். இரண்டையும் நான் நம்புவதாக இல்லை. அடுத்த ஞாயிறு நானே போய்ப் பார்த்தால்தான் தெரியும்.