கறுப்புப் பாலிஷும் பேரிக்காய் இலையும்

அன்புள்ள டீச்சர்,

இன்று ஞாயிற்றுக்கிழமை. பக்கத்து வீட்டுக்காரர் மாதா கோயிலுக்குப் புறப்படும் அவசரத்தில், வாசற்படியில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கறுப்புப் பாலிஷ் வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வந்ததும், உங்கள் மூன்றாம் வகுப்பே எழுந்து வந்து என் எதிரில் நின்றது. கையிலிருந்த காப்பி ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை.

எத்தனையோ வருஷம் பழகினோம், ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. நீங்களும் டீச்சர், நானும் டீச்சர். ஊரெல்லாம் இன்னும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறது. ஆனாலும் நீங்கள் கூப்பிட்டதுபோல் இல்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் நீங்கள் அய்யம்பாளையத்திலிருந்து மலையேறி எங்கள் பள்ளிக்கு வந்தபோது, உங்கள் வேலை நிரந்தரமில்லை. இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து நல்லபடியாகச் சொன்னால் வைத்துக்கொள்வோம் என்று தாளாளர் சொல்லியிருந்தார். ஊரில் உங்கள் சம்பளத்தை நம்பி அம்மாவும் தம்பிகளும் இருந்தார்கள். வேறொருத்தியாக இருந்தால் வாய்ப்பாட்டை உருப்போட வைத்து, இருக்கும் இடம் தெரியாமல் அந்த வருஷத்தை ஓட்டியிருப்பாள். நீங்களோ பிள்ளைகள் கையில் ஷூ பாலிஷைக் கொடுத்தீர்கள்.

எல்லாம் இலையுதிர் காலம் என்ற பாடத்தால் வந்தது. முதிர்ந்த இலைகள் சிவந்து உதிரும் என்று புத்தகத்தில் இருந்தது. கீழ்நாட்டுச் சமவெளியில் இலை மஞ்சளாகி விழுந்துதான் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். கார்த்திகை மழை விட்டதும் பள்ளிக்குப் பின்னால் பேரிக்காய் மரம் சிவந்து நின்றது. அதைப் பார்த்த உங்களுக்குத் தலைகால் புரியவில்லை. இந்த இலைகளைப் பிள்ளைகள் தங்கள் கையாலேயே அச்செடுக்க வேண்டும் என்றீர்கள். மை வாங்க வழியில்லை. சீசனுக்கு வந்து போனவர்கள் விட்டுச்சென்ற பாலிஷ் டப்பாக்கள் பங்களாக்களில் காய்ந்து கிடந்தன. பிள்ளைகளின் அப்பாக்களில் பாதிப் பேர் அங்கே வாட்ச்மேன், சமையல்காரர். இரண்டே நாளில் உங்கள் மேசை நிறைய டப்பா.

பாலிஷில் மண்ணெண்ணெய் விட்டுக் குழைத்து, பழந்துணி உருண்டையால் இலையின் அடிப்பக்கத்தில், நரம்பு புடைத்திருக்கும் பக்கத்தில், லேசாக ஒற்றச் சொன்னீர்கள். பிறகு அதைத் தாளில் கவிழ்த்து, மேலே பழைய செய்தித்தாள் வைத்து உள்ளங்கையால் தேய்க்க வேண்டும். "வெரசா இழுக்காதீங்க. தூங்குற பிள்ளை மேல இருந்து போர்வைய எடுக்குற மாதிரி எடுங்க" என்பீர்கள். தடுப்புத் தட்டிக்கு இந்தப் பக்கம் இரண்டாம் வகுப்புக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த எனக்கு, உங்கள் வகுப்பின் மேல் பொறாமையாக இருக்கும்.

முதல் நாள் கூத்தை மறக்க முடியுமா? சிவப்பு இலை கொண்டு வாருங்கள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டீர்கள். பிள்ளைகள் சோலைக்காட்டில் புகுந்து கை கொள்ளாமல் பறித்து வந்தார்கள். அத்தனையும் கொழுந்து. சோலை மரங்கள் துளிர்க்கும்போது அப்படித்தான் சிவக்கும். மாந்தோப்பு ஊரில் பிறந்த உங்களுக்கே, கொழுந்துக்கும் அந்த நிறம் உண்டு என்பதைப் புத்தகம் மறக்கடித்துவிட்டது. அழுத்தியதும் கொழுந்து நசுங்கிச் சாறு விட்டது. தாளில் வெறும் கறுப்புக் கறை. வாட்ச்மேன் மகள் சவரியம்மா, நீங்கள் சிவப்பு இலை என்றுதானே சொன்னீர்கள் என்று உங்களையே கேட்டாள். நான் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள். ஆனால் அந்தக் கறைகளைக் கிழித்துப் போடவில்லை. பேரிக்காய் இலை அச்சுகளுக்குப் பக்கத்தில் அவற்றையும் சுவரில் ஒட்டினீர்கள்.

இன்ஸ்பெக்டர் சொன்ன நாளுக்கு முந்தின நாளே, வத்தலக்குண்டு முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். வெள்ளை வெளேரென்று ஜிப்பா. உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளைக்கும் கை கையாக இல்லை, எல்லாம் கரி. தாளாளர் முகம் சுண்டிப்போனது. இன்ஸ்பெக்டர் சுவரைப் பார்த்தார். இலை எப்போது சிவக்கும் என்று சவரியம்மாவைக் கேட்டார்.

"பொறக்கும்போதும் செவக்கும், விழும்போதும் செவக்கும் சார். நடுவுலதான் பச்சை."

அவர் புத்தகத்தைப் பிரித்து, முதிர்ந்த இலை சிவக்கும் என்றுதானே இதில் போட்டிருக்கிறது என்று உங்களிடம் திரும்பினார். பிள்ளை சொன்னது தவறு என்று ஒரு வார்த்தை போதும், உங்கள் வேலை பிழைத்துக்கொள்ளும். தட்டி இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு, சொல்லித் தொலையுங்கள் டீச்சர் என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன்.

"பிள்ளை சொன்னதுதாங்க சரி. புத்தகத்துல பாதிதான் இருக்கு. சந்தேகமா இருந்தா நீங்களே போட்டுப் பாருங்க."

ஒரு கொழுந்தையும் ஒரு பேரிக்காய் இலையையும் அவர் முன்னால் வைத்தீர்கள். அவர் ஜிப்பாக் கையை மடித்துவிட்டுக் குனிந்தார். சவரியம்மா பாலிஷ் ஒற்றிக் கொடுத்தாள். கொழுந்து கறையானது. பேரிக்காய் இலையை அவர் மெதுவாக உரித்தபோது, மயிரிழை நரம்புகூட விடாமல் தாளில் நின்றது. அதையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கை கழுவ மண்ணெண்ணெய் கேட்டார். புறப்படும்போது தாளாளரிடம், "இந்த டீச்சர விட்டுராதீங்க" என்றார். அந்தத் தாளை மடிக்காமல் பையில் வைத்துக்கொண்டார்.

அன்று எனக்கு வந்த பெருமை என் சொந்த வேலை நிரந்தரமானபோதுகூட வரவில்லை. இவள் என் சிநேகிதி என்று பஸ் ஸ்டாண்டில் நின்று கத்தலாம் போலிருந்தது. அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும் வரை, ஒரு பிள்ளை தன் கண்ணால் பார்த்துச் சொன்ன பதிலைப் புத்தகத்தில் இல்லை என்பதற்காக அடித்ததே இல்லை. அது உங்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது.

சற்று முன் பக்கத்து வீட்டில் டப்பாவைக் கேட்டு வாங்கினேன். வாசல் கேட்டுக்கு வெளியே பேரிக்காய் இலை உதிர்ந்து கிடந்தது. இந்தத் தாளின் அடியில் இருப்பது அதன் அச்சு. ஓரம் கொஞ்சம் இழுபட்டுவிட்டது, மன்னியுங்கள். என் கை முழுக்கக் கறுப்பு. கோயில் மணி அடித்துவிட்டது. கழுவாமல்தான் போகப்போகிறேன். என்ன டீச்சர் கையில் என்று யாராவது கேட்கட்டும்.